மறுபடிவாங்கம்மா பல்கலைக்கழகம் பார்க்கப் போன கதை

லைசென்ஸ் ஆபீஸுக்குப் பின்னால் இருக்கிற டெஸ்ட் மைதானத்தில் அந்த இன்ஸ்பெக்டரம்மாவுக்கு டிரைவிங் ஸ்கூல்காரர்கள் வைத்திருந்த பட்டப்பெயர் மறுபடிவாங்கம்மா. பத்துப் பேர் வண்டி ஓட்டிக் காட்ட வந்தால் ஆறு பேரிடம் அவர் சொல்கிற கடைசி வார்த்தை அதுதான். "மறுபடி வாங்க." கோபமாகச் சொல்ல மாட்டார். துணிக்கடை வாசலில் நின்று வழியனுப்புகிறவர் மாதிரி நல்ல மனதோடுதான் சொல்வார். கூடவே ஒரு தாளையும் கையில் கொடுப்பார். எந்த இடத்தில் என்ன தப்பு நடந்தது என்று அதில் வரிவரியாக இருக்கும். 'மூன்றாவது கம்பம் தாண்டியதும் கண்ணாடி பார்க்கவில்லை.' 'கிளட்சிலிருந்து காலை எடுக்கவே இல்லை.'

மற்ற இன்ஸ்பெக்டர்கள் ஒரு டிக், ஒரு கையெழுத்து என்று முடித்துக்கொள்வார்கள். இவர் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதுவார். எதற்கு இவ்வளவு என்று மேலதிகாரி ஒரு தடவை கேட்டார்.

"தோத்தவனுக்குக் காரணம் தெரியணும் சார். அது அவனோட சொத்து" என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

ஐம்பத்து நான்கு வயது. இருபத்து மூன்று வருஷமாக இதே வேலை. அந்த ஆபீஸில் டெஸ்ட் எடுக்க உட்கார்ந்த முதல் பெண் அவர்தான். ஒரு பெரிய மனிதரின் மகனை ஃபெயில் ஆக்கியபோது எங்கிருந்தோ போன் வந்தது. அவர் பதற்றப்படவில்லை. அந்தப் பையனின் தாளை எடுத்து, போனில் முதல் வரியிலிருந்து நிதானமாக வாசிக்க ஆரம்பித்தார். ஏழாவது வரியில் அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள். வாசித்து முடிக்கவிடவில்லையே என்பது மட்டும்தான் அவருக்கு வருத்தம்.

இப்படிப்பட்டவரைத்தான் அவருடைய தங்கை ஒரு சனிக்கிழமை ஊர் சுற்றிப் பார்க்கக் கூப்பிட்டாள். தங்கை குழந்தைகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் புருஷன் வாஷிங் மெஷின் விற்கிற கடையில் மேனேஜர். முந்நூறு வருஷத்துப் பழைய பல்கலைக்கழகம் ஒன்று, விடுமுறை நாட்களில் பார்வையாளர்களை உள்ளே விடுகிறதாம், வழிகாட்டியோடு இரண்டரை மணி நேரம் சுற்றிக் காட்டுகிறார்களாம். "நாலு டிக்கெட் எடுத்துட்டேன், நீயும் அத்தானும் வரணும்" என்றாள்.

அத்தான், அதாவது இன்ஸ்பெக்டரம்மாவின் புருஷன், கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், மூக்குக் கண்ணாடிக் கடை. சனிக்கிழமை கடையை மூடினால் பாவம் என்று நினைக்கிறவர். அவர் வரவில்லை. இன்ஸ்பெக்டரம்மா எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டார். தங்கை சொன்னாள். இன்ஸ்பெக்டரம்மா அந்தப் பெயரை ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

"வரேன்" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"

மூன்று மணி நேரப் பயணம். தங்கை மாப்பிள்ளை வண்டி ஓட்டினார், இன்ஸ்பெக்டரம்மா முன் சீட்டில். வழியெல்லாம் அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. ஆனால் மாப்பிள்ளை எங்கெல்லாம் பிரேக் பிடித்திருக்க வேண்டுமோ அங்கெல்லாம் இந்த அம்மாவின் வலது கால் மட்டும் தரைவிரிப்பை அழுத்தியது. மாப்பிள்ளையின் ஒரு கண் சாலையில், ஒரு கண் அந்தக் காலில். வாய் ஓயாமல் பேசுகிற மனிதர், மூன்று மணி நேரமும் பேசவில்லை. வண்டியை நிறுத்திச் சாவியை உருவிய பிறகுதான் மூச்சு விட்டார்.

"அக்கா, பாஸா ஃபெயிலா?"

"நாலு இடம் சொல்லணும். திரும்பிப் போறப்ப சொல்றேன்."

"அப்ப திரும்பறப்ப நீங்க பின்னாடி உக்காருங்க."

பல்கலைக்கழகத்தின் முன்வாசல் அகலமான கல் வளைவு. நடுவில் இருந்த படிகள் கால் பட்டுப் பட்டுக் குழிந்து போயிருந்தன. தங்கை போன் எடுத்துப் படம் பிடித்தாள். இன்ஸ்பெக்டரம்மா படம் பிடிக்கவில்லை. மூன்றாவது படி ஒரு பக்கம் சரிந்திருக்கும், காலைப் பார்த்து வைக்க வேண்டும் என்பது அவருக்கு நினைவுக்கு வந்தது. பார்த்து வைத்தார். சரிந்துதான் இருந்தது.

பதினெட்டு வயதில் ஒரு தடவை அவர் இந்தப் படியில் ஏறியிருக்கிறார். வீட்டில் யாருக்கும் தெரியாது. மேலே படிக்க வைக்க அப்பாவுக்கு விருப்பமும் இல்லை, வசதியும் இல்லை. சித்தி வீட்டில் நான்கு நாள் தங்கிவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பினார். சித்திதான் ரயிலேற்றிவிட்டாள். இங்கே சேர வாய்மொழித் தேர்வு ஒன்று இருந்தது. மூன்று பேராசிரியர்கள் உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள், மாணவர் நின்றுகொண்டு பதில் சொல்ல வேண்டும். பத்து நிமிஷம்தான். நன்றாகத்தான் சொன்னோம் என்று அவர் நினைத்தார். பன்னிரண்டாம் நாள் சித்தி முகவரிக்கு ஒரு கார்டு வந்தது. அச்சடித்த கார்டு. பெயரை மட்டும் பேனாவால் எழுதியிருந்தார்கள். 'தேர்வு பெறவில்லை.'

அவ்வளவுதான். ஏன் என்று ஒரு வார்த்தை கிடையாது. பல மாதங்கள் அவர் அதையே யோசித்துக்கொண்டிருந்தார். மலையைப் பற்றிய கேள்வியா? செருப்பு சத்தம் போட்டதா? கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றதா? காரணம் தெரியாத தோல்வியை எங்கே திருத்துவது? கடைசியில் டைப்பிங் வகுப்பில் சேர்ந்தார், இருபது வயதில் லைசென்ஸ் ஆபீஸில் கிளார்க் ஆனார், பிறகு வண்டி ஓட்டக் கற்றார், பரீட்சைகள் எழுதி இன்ஸ்பெக்டர் ஆனார். பிறகு எழுதிய எந்தப் பரீட்சையிலும் அவர் தோற்றதில்லை.

வளைவுக்குள் வழிகாட்டி காத்திருந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். அங்கேயே ஆராய்ச்சி செய்கிற பெண், விடுமுறை நாட்களில் இந்த வேலையும் பார்க்கிறாள். கழுத்தில் அட்டை, கையில் மடக்கிய மஞ்சள் குடை. "பதினஞ்சு, பதினாறு" என்று எண்ணிக்கொண்டே வந்தவள் இன்ஸ்பெக்டரம்மா முகத்தைப் பார்த்ததும் பதினேழு சொல்லாமல் நின்றுவிட்டாள். பிறகு முதலிலிருந்து எண்ணினாள்.

முற்றத்தைக் காட்டினாள். பெரிய சாப்பாட்டுக் கூடத்தைக் காட்டினாள். பேச்சு சரளமாக வந்தது, ஆனால் இன்ஸ்பெக்டரம்மா நின்ற பக்கம் மட்டும் பார்க்கவே இல்லை. கூட்டம் நூலகப் படியேறும்போது அவளே பின்தங்கி வந்து பக்கத்தில் நடந்தாள்.

"மேடம், என்னைத் தெரியுதா?"

"தெரியலையேம்மா."

"எனக்கும் உங்க ஊர்தான். என்னை நீங்க மூணு தடவை ஃபெயில் பண்ணியிருக்கீங்க."

இன்ஸ்பெக்டரம்மாவுக்கு முகங்கள் மனதில் தங்குவதில்லை. டெஸ்டில் அவர் பார்ப்பது கையையும் காலையும் கண்ணாடியையும்தான். "எந்த வண்டி?" என்று கேட்டார்.

"சின்ன வண்டி, வெள்ளை. இடது கண்ணாடி உடைஞ்சு டேப் ஒட்டியிருக்கும்."

"ஓ, அந்த டேப் வண்டியா." உடனே எல்லாம் வந்துவிட்டது. "முதல் தடவை கண்ணாடி பாக்காம கிளம்பினே. ரெண்டாவது தடவை ரிவர்ஸ்ல கம்பத்தை இடிச்சே. மூணாவது தடவை சடன் பிரேக்."

"முதல் ரெண்டும் சரி மேடம். மூணாவதை நான் ஒத்துக்க மாட்டேன்."

இன்ஸ்பெக்டரம்மா அவளைத் திரும்பிப் பார்த்தார். மைதானத்தில் யாரும் அவரிடம் இப்படிச் சொன்னதில்லை. அழுவார்கள், கெஞ்சுவார்கள், வெளியே போய்த் திட்டுவார்கள்.

"தாள்ல எழுதிக் குடுத்தேன் இல்ல?"

"குடுத்தீங்க. அதான் சொல்றேன். அதுல எழுதினது தப்பு."

அதற்குள் கூட்டத்தில் ஒருவர் நூலகத்தில் எத்தனை புத்தகம் என்று கேட்க, அவள் முன்னால் ஓடிவிட்டாள்.

"யாருக்கா அந்தப் பொண்ணு?" என்றாள் தங்கை.

"நம்ம கஸ்டமர்" என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

நூலகத்தில் கூரை வரைக்கும் அலமாரிகள், சக்கரம் வைத்த ஏணிகள். மாப்பிள்ளைக்குப் பேச்சு முழுசாகத் திரும்பி வந்துவிட்டது. இந்த ஏணி நம் கடைக் கிடங்குக்கு இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று முன்பின் தெரியாத ஒருவரிடம் விளக்கிக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டரம்மாவின் கண் அலமாரியில் இருந்தது, மனது டேப் வண்டியில் இருந்தது. தன் தாள் தப்பு என்று அந்தப் பெண் சொன்னதில் அவருக்குக் கோபம் இல்லை. எது தப்பு என்று தெரியாமல் அடுத்த வேலைக்குப் போக முடியாத சுபாவம் அவருக்கு.

நூலகத்துக்கு அடுத்தது வாய்மொழித் தேர்வுக் கூடம். நீண்ட அறை. ஒரு கோடியில் மரமேடை, அதில் உயரமான முதுகு வைத்த மூன்று நாற்காலிகள். மேடைக்கு எதிரே, அறையின் நடுவில், ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு வட்டமான கருங்கல் பலகை.

"இருபது வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் இங்க சேரணும்னா இந்தக் கல்லு மேல ஏறி நிக்கணும்" என்றாள் வழிகாட்டி. "மூணு பேரும் சரின்னு சொன்னாதான் இடம். இப்ப எழுத்துத் தேர்வு மட்டும்தான். யாராவது ஏறிப் பாக்கறீங்களா?"

வேறு யார், மாப்பிள்ளைதான் ஏறினார். வழிகாட்டி மேடை நாற்காலியில் உட்கார்ந்து, பழைய கேள்வி ஒன்றைக் கேட்டாள். "கடல் தண்ணி உப்பாயிருக்கே, அதுல விழற ஆத்துத் தண்ணி ஏன் உப்பாயில்ல?"

"எங்க கடை மெஷின்ல போட்டா ரெண்டுமே ஒண்ணுதான்" என்றார் மாப்பிள்ளை. கூட்டம் சிரித்தது. "பாஸ்தானே?" என்றபடி இறங்கினார்.

"அந்தக் கல்லு இங்க இல்ல" என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

சிரிப்பு நின்றது. வழிகாட்டி பணிவாகத்தான் பதில் சொன்னாள். "இல்ல மேடம், ஆரம்பத்துலேருந்து கல்லு இங்கதான். புத்தகத்துலயே போட்டிருக்கு."

"இல்லம்மா. அந்த ஜன்னலுக்கு முன்னாடி இருந்தது. வெயில் பின்கழுத்துல அடிக்கும். பத்து நிமிஷம் நின்னதுல எனக்குக் கழுத்து சிவந்துபோச்சு."

தங்கை மெதுவாகத் திரும்பினாள். "அக்கா, நீ எப்ப இங்க நின்னே?"

"பதினெட்டு வயசுல" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "ஜன்னல் கிட்ட அந்த விரிப்பைக் கொஞ்சம் தூக்கிப் பாக்கலாமா?"

ஜன்னலடியில் ஒரு பெஞ்சும் அதற்குக் கீழே விரிப்பும் இருந்தன. மாப்பிள்ளையும் இன்னொருவரும் பெஞ்சை நகர்த்தினார்கள். வழிகாட்டியே குனிந்து விரிப்பை மடித்தாள். மரத்தரையில், சுற்றிலும் கறுத்திருந்த இடத்துக்கு நடுவே, வெளிர் நிறத்தில் வட்டமாக ஒரு தடம் இருந்தது. கல் கிடந்த தடம். கூட்டம் முழுக்க எட்டிப் பார்த்தது. வழிகாட்டி தன் போனில் நாலைந்து படம் எடுத்துக்கொண்டாள்.

"மேடம், நீங்க தேர்வுக்கு வந்தீங்களா, இல்ல யாருக்காவது துணைக்கு வந்தீங்களா?"

"நான்தான் நின்னேன். எனக்கு இடம் கிடைக்கல. ஏன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

"எத்தனை வருஷம் ஆச்சு?"

"முப்பத்தாறு."

வழிகாட்டி ஒரு வினாடி யோசித்தாள். "முப்பத்தஞ்சு வருஷம் ஆன பதிவேடுகளை யார் வேணும்னாலும் பாக்கலாம் மேடம். கீழ ஆவண அறை இருக்கு. சுத்திப் பாத்து முடிஞ்சதும் நானே கூட்டிட்டுப் போறேன்."

மணிக்கூண்டையும் பழைய பரிசோதனைக்கூடத்தையும் மற்றவர்கள் ரசித்தார்கள். அக்காவும் தங்கையும் ஒன்றையும் பார்க்கவில்லை.

"என்கிட்ட கூட சொல்லலையே" என்றாள் தங்கை.

"உனக்கு அப்ப பத்து வயசு. சொன்னா பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லியிருப்பே."

"இப்ப எனக்கு நாப்பத்தாறு. நடுவுல ஒரு நாள் கூட உனக்குத் தோணலையா?"

இன்ஸ்பெக்டரம்மா யோசித்துப் பார்த்தார். "ஜெயிச்சிருந்தா சொல்லியிருப்பேன். தோத்ததை ஏன்னு தெரியாம எப்படிச் சொல்றது? நீ ஏன்னு கேட்டா எனக்குப் பதில் வேணும் இல்ல?"

"நான் கேட்டிருக்க மாட்டேன்."

"நீயா?"

தங்கை சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அக்காவின் கையைப் பிடித்தவள், ஆவண அறை வரைக்கும் விடவில்லை.

ஆவண அறை தரைக்குக் கீழே இருந்தது. குளிர்ச்சியாகவும் சுத்தமாகவும் இருந்தது. அங்கே இருந்த ஊழியர் ஒல்லியான மனிதர், ஸ்வெட்டர் போட்டிருந்தார். படிவம் கொடுத்தார், அடையாள அட்டையைச் சரிபார்த்தார், வருஷத்தைக் கேட்டார், உள்ளே போனார். திரும்பி வரும்போது பச்சைத் துணி ஒட்டிய தடிமனான பதிவேடு ஒன்றைக் குழந்தையைத் தூக்கி வருவதுபோல் இரண்டு கையாலும் ஏந்தி வந்தார். மேஜைமேல் வைத்துத் தானே பக்கம் புரட்டினார்.

"இதோ" என்று ஒரு வரியைக் காட்டிவிட்டு நாகரிகமாக இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

இன்ஸ்பெக்டரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அவருடைய பெயர். எதிரே மூன்று கட்டங்கள். முதல் பேராசிரியர்: 'சேர்க்கலாம்.' இரண்டாமவர்: 'சேர்க்கலாம்.' மூன்றாமவர்: 'இவ்வாண்டு வேண்டாம்.' அதற்கு அடுத்த கட்டத்தில், கூர்மையான நிப் வைத்த பேனாவால், சின்ன எழுத்தில் எழுதியிருந்தது.

'விஷயம் தெரிந்த பெண். கேள்வி முடியும் முன்பே பதில் சொல்கிறாள். திருத்தினால் ஏற்பதில்லை. அடுத்த ஆண்டு மீண்டும் வரச் சொல்லவும்.'

அவர் ஒரு தடவை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை வாசித்தார். தோளுக்கு மேலாக எட்டி வாசித்த தங்கைக்குக் கண் நிறைந்துவிட்டது. மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் மூடிக்கொண்டார்.

"இதை யாரு கார்டுல எழுதி அனுப்பறது?" என்று ஊழியரிடம் கேட்டார் இன்ஸ்பெக்டரம்மா. குரல் ஆபீஸ் குரலாகத்தான் இருந்தது.

"மேல ஆபீஸ்ல மேடம். அச்சடிச்ச கார்டுதான். பேரை மட்டும் நிரப்பி அனுப்பியிருப்பாங்க. இந்தக் குறிப்பெல்லாம் உள்ளேயே இருந்துடும்."

"வரச் சொல்லவும்னு போட்டிருக்காரே."

"போட்டிருக்கார்" என்றார் ஊழியர். அவருக்கும் சங்கடமாக இருந்தது. "சொல்லலை போலிருக்கு."

அந்தக் கார்டு இன்ஸ்பெக்டரம்மாவுக்கு நன்றாக நினைவிருந்தது. கீழ்ப்பாதி வெறுமையாக இருந்தது. நான்கு வார்த்தை எழுத அதில் தாராளமாக இடம் இருந்தது. எழுதியிருந்தால் அடுத்த வருஷம் அதே நாளில் அதே ரயிலில் ஏறியிருப்பார். அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. தன் பேனாவை எடுத்துப் பக்க எண்ணைக் குறித்துக்கொண்டார். பிறகு இந்தப் பக்கத்தின் நகல் வேண்டும் என்று கேட்டார். ஊழியர் உடனே எடுத்துக் கொடுத்தார்.

வெளியே வந்து வராந்தாவில் ஒரு கல் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"போயிருந்தா நீ வேற ஆளா ஆகியிருப்பே" என்றாள் தங்கை, மூக்கை உறிஞ்சியபடி.

"ஆகியிருப்பேன். உங்க அத்தானுக்குத்தான் லாபம், வேற ஆளைக் கட்டியிருப்பார்." நகலை மறுபடி விரித்தார். "குத்தம் ரெண்டும் சரிதான் பாத்தியா. மலை மேல ஏன் குளிருதுன்னு அவர் கேட்டு முடிக்கல, நான் சொல்லிட்டேன். இன்னொரு காரணமும் இருக்குன்னார். இல்லைன்னேன்."

"பேராசிரியர்கிட்டயா?"

"நான் சொன்னதுதான் முக்கியக் காரணம். இப்பவும் அதான் சொல்வேன்."

மாப்பிள்ளையால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னாடி பத்து நிமிஷத்துல கண்டுபிடிச்சிருக்கார் அந்த மனுஷன். அதைக் கண்டுபிடிக்க எனக்குக் கல்யாணம் ஆகிப் பத்தொன்பது வருஷம் ஆச்சு" என்றார். முதலில் தங்கை சிரித்தாள், பிறகு இன்ஸ்பெக்டரம்மாவும் சிரித்தார். சிரிக்கும்போதுதான் அவர் கண்ணிலும் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டார்.

அவர்களை ஆவண அறை வாசலில் விட்டுவிட்டுப் போயிருந்த வழிகாட்டி, அந்த நேரம் கூட்டத்தை வழியனுப்பிவிட்டுத் திரும்பி வந்தாள். என்ன ஆயிற்று என்று அவள் கேட்குமுன் இன்ஸ்பெக்டரம்மா பெஞ்சில் இடம் விட்டு நகர்ந்தார்.

"உக்காரு. மூணாவது டெஸ்ட்ல என்ன நடந்துச்சு, சொல்லு."

அவள் சொல்ல ஆரம்பித்தாள். நடுவில் இரண்டு தடவை இன்ஸ்பெக்டரம்மாவின் வாய் திறந்தது. இரண்டு தடவையும் கையில் இருந்த நகலைப் பார்த்து மூடிக்கொண்டார். தங்கை இதைக் கவனித்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வழிகாட்டி சொன்னது இதுதான். மைதானத்தில் ஓட்டிக் காட்டிய பிறகு, ரோடு டெஸ்டுக்காகப் பேக்கரி இருக்கிற தெருவில் போய்க்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் இரண்டு வேன்கள் நின்றன. இரண்டுக்கும் நடுவிலிருந்து கைத்தடி ஊன்றிய ஒரு பெரியவர் சாலையில் காலை வைத்தார். அவள் பிரேக்கை அழுத்தினாள். பெரியவர் பயந்து உடனே பின்வாங்கி வேனுக்குப் பின்னால் மறைந்துவிட்டார். இன்ஸ்பெக்டரம்மா நிமிர்ந்தபோது சாலையில் யாரும் இல்லை.

"நான் சொல்ல வந்தேன் மேடம். 'வண்டியை எடு, பேசாதே'ன்னுட்டீங்க. தாள்ல 'காரணமின்றித் திடீர் பிரேக்'னு எழுதினீங்க."

இன்ஸ்பெக்டரம்மா கண்ணை மூடிக்கொண்டு அந்தத் தெருவை நினைத்துப் பார்த்தார். பேக்கரி ஞாபகம் இருந்தது. பெரியவர் ஞாபகம் இல்லை. ஒன்று மட்டும் நன்றாக நினைவிருந்தது. பிரேக் பிடித்த வேகத்தில் பேனா இழுத்துக்கொண்டு போய்த் தாளின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் ஒரு கோடு விழுந்தது. நல்ல தாள் பாழாகிவிட்டதே என்று எரிச்சல் வந்தது.

"கோடு விழுந்துச்சு இல்ல?"

"ஆமா. தாள்ல குறுக்கால."

"அப்ப நான் எழுதிக்கிட்டு இருந்திருக்கேன்" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "எழுதிக்கிட்டு இருந்தா ரோட்டைப் பாக்கல. பாக்காம காரணம் இல்லைன்னு எழுதியிருக்கேன்." கண்ணைத் திறந்தார். "மூணாவது என் தப்பு."

வழிகாட்டி வாதாடத் தயாராக வந்திருந்தாள். எதிர்ப்பக்கம் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்ளும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. "பரவாயில்ல மேடம்" என்றாள்.

"பரவாயில்லைன்னு விட முடியாது. திங்கட்கிழமை எழுத்துல ரத்து பண்றேன். நீ மறுபடி..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தி, "உனக்கு வேற இன்ஸ்பெக்டர் டெஸ்ட் எடுப்பார்" என்று முடித்தார்.

திங்கட்கிழமை அவர் எழுதிய கடிதத்தைப் பார்த்து மேலதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டார். "இருபத்து மூணு வருஷத்துல நீங்க ஃபெயில் பண்ணவங்க எல்லாம் வந்து வாசல்ல நிப்பாங்க மேடம்."

"நிக்கட்டும் சார். தாள் கொண்டு வந்தா பாக்கலாம். அதுக்குத்தானே எழுதிக் குடுத்திருக்கேன்."

யாரும் வரவில்லை. வழிகாட்டி மட்டும் வந்தாள். இன்னொரு இன்ஸ்பெக்டர் டெஸ்ட் எடுத்தார். திருப்பத்தில் சிக்னல் போட மறந்து அவள் நான்காவது தடவையும் ஃபெயில் ஆனாள். அது நியாயமான ஃபெயில் என்று அவளே ஒத்துக்கொண்டாள். ஐந்தாவது தடவை பாஸ் ஆனாள். அன்று முதல் இன்ஸ்பெக்டரம்மா வண்டி ஓடும்போது பேனாவைத் திறப்பதில்லை. ஓரமாக நிறுத்தச் சொல்லி, அதற்குப் பிறகுதான் எழுதுகிறார். ஒவ்வொரு டெஸ்டுக்கும் கால் மணி நேரம் கூடுதலாகிறது என்று டிரைவிங் ஸ்கூல்காரர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுப்புக்கெல்லாம் அவர் என்றைக்கு அசைந்திருக்கிறார்?

பல்கலைக்கழகத்தையும் அவர் விடவில்லை. இப்போதும் இடம் கிடைக்காதவர்களுக்கு ஒற்றை வரியில்தான் மின்னஞ்சல் போகிறது என்று வழிகாட்டி சொல்லியிருந்தாள். இன்ஸ்பெக்டரம்மா மூன்று பக்கத்துக்குக் கடிதம் எழுதினார். பதிவேட்டு நகலையும், மாதிரிக்கு லைசென்ஸ் ஆபீஸின் தன் தாள் ஒன்றையும் இணைத்தார். இடம் கேட்டு எழுதவில்லை. காரணம் சொல்லுங்கள், மறுபடி வரலாம் என்றால் அதையும் சொல்லுங்கள் என்று எழுதினார். இரண்டு மாதம் கழித்து, தங்கள் கருத்து பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தது.

அதைச் சாப்பாட்டு மேஜையில் வாசித்துக் காட்டியபோது புருஷன் கேட்டார். "அதான் பதில் போட்டுட்டாங்களே, விடேன். இல்ல, இந்த வயசுல அங்க போய்ப் படிக்கணும்னு ஏதாவது இருக்கா?"

"அதெல்லாம் இல்ல. எனக்கு வேலை இருக்கு" என்றவர், அடுத்த நாளே இரண்டாவது கடிதத்தை எழுதினார். பரிசீலித்து முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று மட்டும் அதில் கேட்டிருந்தார்.

மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு சேர்க்கை அலுவலகத்திலிருந்து ஒருவர் போனில் அழைத்தார். பொறுமையான குரல். கேட்கிறவர்களுக்குக் காரணம் தெரிவிப்பது என்று முடிவாகியிருக்கிறதாம், அதற்கான விவரம் இணையதளத்தில் இருக்குமாம். இன்ஸ்பெக்டரம்மா அவர் சொல்லி முடிக்கும் வரைக்கும் காத்திருந்தார்.

"கேட்டா தெரிவிப்போம்கிறது கேக்கறவனுக்கு எப்படித் தெரியும் சார்? அந்தக் கடிதத்துலயே இருக்கணும்."

"பாக்கறோம் மேடம்."

அந்த வருஷம் சேர்க்கை முடிந்ததும் வழிகாட்டி தன் போனிலிருந்து ஒரு படம் அனுப்பினாள். இடம் கிடைக்காத யாரோ ஒருவருக்குப் போன கடிதம், பெயரை மறைத்திருந்தாள். முதல் வரி பழைய வரிதான். அதற்குக் கீழே புதிதாக இரண்டு வரி இருந்தது. காரணத்தை எழுதிக் கேட்டுப் பெறலாம், அடுத்த ஆண்டு மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்று.

இன்ஸ்பெக்டரம்மா படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். எழுத்து ரொம்பச் சின்னதாக இருக்கிறது என்பது அவர் அபிப்பிராயம். அதைப் பற்றி இன்னொரு கடிதம் எழுதுவதா, இந்த வருஷம் இவ்வளவு போதுமா என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை.